டைப் அடிப்பதா, வாசிப்பதா?

1996 ஹாஸ்டல் தின விழாவை நம்ம செட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழையில் பந்தல் சரிந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் வாத்திய இசைப் போட்டி. மிருதங்கம், புல்லாங்குழல், கிடார் என்று ஒவ்வொருத்தராக வந்து வாசித்துவிட்டுப் போன மேடைக்கு என் ரூம்மேட் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தான். டிபார்ட்மெண்டில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய 486. மானிட்டரை ஒருத்தன், சி.பி.யூ.வை ஒருத்தன், ஸ்பீக்கரை நான் என்று மூன்று பேர் தூக்கி வந்தோம். அவன் சாவகாசமாக நாற்காலியில் உட்கார்ந்து, டைப் அடிக்கிற கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தான்.

நன்றாகவே வாசித்தான். கைதட்டலும் விசிலும் பறந்தன. கடைசியில் நடுவராக வந்திருந்த பெரியவர் மைக்கை வாங்கிச் சொன்னார்: "தம்பி, கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இது டைப் அடிக்கிறது. வாசிக்கிறது இல்ல."

அவ்வளவுதான். பரிசுப் பட்டியலில் பெயரில்லை. அவன் அப்பா நாடகக் கம்பெனியில் ஹார்மோனியம் வாசித்தவர். வீட்டில் இருந்த ஹார்மோனியமும் ஒரு கஷ்ட காலத்தில் கைமாறிப் போயிருந்தது. மியூசிக் கீபோர்டு வாங்க வசதி கிடையாது. இந்த டைப் கீபோர்டு ஒன்றுதான் அவனுக்கு வாய்த்த வாத்தியம். அதுவும் வாத்தியமில்லை என்றால் என்ன செய்வான்? அன்று ராத்திரி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதுங்க சார்" என்று போன் செய்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது அந்த நடுவர் சொன்ன வாக்கியம்தான். அவர் சொன்னது சரியா, தப்பா? இத்தனை வருஷத்தில் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். விஷயம் நான் நினைத்ததைவிடப் பழையது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் ஒன்று. டைப்ரைட்டர் என்கிற சாதனமே பியானோவைப் பார்த்துப் பிறந்ததுதான்.

டேவிட் ஹியூஸ் என்றொரு மனிதர். வேல்ஸ் நாட்டுக் குடும்பம். சின்ன வயதிலேயே அமெரிக்கா போய்விட்டார்கள். கென்டக்கியில் ஒரு கல்லூரியில் சங்கீத வாத்தியார். (பிற்காலத்தில், 1878-ல், கரி மைக்ரோபோனைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவரும் இவரேதான்.) 1850-களின் நடுவில் இவர் ஒரு தந்திக் கருவி செய்தார். மோர்ஸ் மாதிரி கட்டு கடா என்று புள்ளியும் கோடும் தட்டவேண்டாம். ஒரு கட்டையை அழுத்தினால் அடுத்த ஊரில் அந்த எழுத்தே அச்சாகும். அந்தக் கட்டைகளை எப்படி அடுக்கினார் தெரியுமா? பியானோ மாதிரியே, கறுப்பும் வெள்ளையுமாக, மொத்தம் 28. அவருக்கு முன்பு ராயல் ஹவுஸ் என்பவர் 1840-களில் செய்த அச்சுத் தந்தியிலும் பியானோக் கட்டைகள்தான். ஹியூஸின் கருவி ஐரோப்பாவில் பல பத்தாண்டுகள் ஓடியது. உள்ளே ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் சுற்றுக்கு இசைவாகக் கட்டையை அழுத்தவேண்டும். தாளம் தெரியாதவன் அந்தத் தந்தி ஆபீசில் வேலை பார்க்க முடியாது.

அடுத்தது டைப்ரைட்டர். 1867-ல் 'சயன்டிபிக் அமெரிக்கன்' பத்திரிகை, ஜான் பிராட் என்பவரின் எழுத்து இயந்திரத்தைப் பற்றி எழுதும்போது அதை 'இலக்கிய பியானோ' என்றே வர்ணித்தது. அமெரிக்காவில் மில்வாக்கி ஊரில் ஷோல்ஸ், கிளிடன், சூல் என்ற மூன்று பேர் செய்த இயந்திரத்துக்கு 1868 ஜூனில் பேட்டண்ட் கிடைத்தது. அதன் முகப்பும் பியானோதான். பிறகு பல தடவை மாற்றி, வட்ட வட்டமான பொத்தான்களை நாலு வரிசையாக்கி, 1873-ல் துப்பாக்கி செய்கிற ரெமிங்டன் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1874-ல் கடைக்கு வந்தது. இன்று உங்கள் லேப்டாப்பில் இருக்கும் கியூ-டபிள்யூ-ஈ-ஆர்-டி-ஒய் அங்கிருந்து வந்த பரம்பரைச் சொத்து.

பியானோவிலிருந்து இவர்கள் எடுத்துக்கொண்டது 'ஒரு விரல், ஒரு கட்டை, ஒரு விளைவு' என்ற ஏற்பாட்டை மட்டும். விட்டுவிட்டது வேறொன்று. சுமார் 1700-ல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தில் கிறிஸ்டோபோரி பியானோவைச் செய்ததே, விரலின் பாரத்துக்குத் தகுந்தபடி மெதுவாகவும் சத்தமாகவும் ஒலிக்க வேண்டும் என்பதற்காக. 'பியானோ' என்றால் மெல்ல, 'போர்டே' என்றால் பலமாக, பெயரே அதுதான். அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டில் எப்படி அடித்தாலும் ஒரே சத்தம்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனவர்களுக்கு ஒரு கேள்வி. சுண்டு விரலால் 'ஏ' அடித்தால் எழுத்து மங்கலாக விழும், ஆள்காட்டி விரலால் 'எப்' அடித்தால் கரேலென்று விழும், ஞாபகம் இருக்கிறதா? மாஸ்டர் ஸ்கேலோடு பின்னால் நின்று "எல்லா லெட்டரும் ஒரே மாதிரி விழணும்" என்பார். ஆக, பழைய டைப்ரைட்டருக்குப் பாரம் தெரிந்தேதான் இருந்தது. அதை ஒரு குற்றமாக நினைத்து நம் விரலிலிருந்து அடித்து விரட்டினார்கள். எலெக்ட்ரிக் டைப்ரைட்டர் வந்ததும், குறிப்பாக 1961-ல் ஐ.பி.எம். செலக்ட்ரிக் வந்த பிறகு, அந்தப் பிரச்சினையே போய்விட்டது. மோட்டார்தான் அடிக்கிறது, விரல் சும்மா சைகை காட்டுகிறது. கம்ப்யூட்டர் கீபோர்டு இந்த எலெக்ட்ரிக் டைப்ரைட்டரின் பிள்ளை.

இப்போது சங்கீதத்தின் பக்கத்திலிருந்து பார்ப்போம். ஒருத்தர் ஒரு கட்டையை வாசிக்கும்போது நாலு சங்கதி நடக்கிறது. எந்தக் கட்டை, எப்போது தொட்டார், எவ்வளவு பாரம், எப்போது எடுத்தார். டைப் அடிப்பதற்கு முதலாவது மட்டும் போதும். லெட்டர் சரியாக விழுந்தால் சரி. நீங்கள் இப்போது அடித்தால் என்ன, காபி குடித்துவிட்டு வந்து அடித்தால் என்ன? 1957-ல் பெல் லேபரட்டரியில் மேக்ஸ் மேத்யூஸ் ஐ.பி.எம். கம்ப்யூட்டரை முதன்முதலாகத் தன் புரோகிராமால் இசைக்க வைத்தபோது, துளை அட்டையில் ஸ்வரங்களை எழுதி உள்ளே அனுப்பி, பிறகு காத்திருந்து கேட்டார்கள். அங்கே நடுவர் இருந்திருந்தால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அது டைப் அடிப்பதுதான்.

வீட்டுக் கம்ப்யூட்டர்கள் வந்த பிறகும் சில காலம் இதே கதைதான். 1977-ல் வந்த ஆப்பிள் 2-ன் கீபோர்டு, எந்த எழுத்து அழுத்தப்பட்டது என்று சொல்லும். விரலை எடுத்ததைச் சொல்லவே சொல்லாது. எடுத்தது தெரியாமல் ஸ்வரத்தை எப்போது நிறுத்துவது? 1981-ல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது கீபோர்டுக்குள்ளேயே இன்டெல் 8048 என்ற குட்டி சிப் ஒன்று உட்கார்ந்தது. அது அழுத்தினால் ஒரு எண், எடுத்தால் அதோடு 128-ஐக் கூட்டி இன்னொரு எண் அனுப்பும். 'இசட்' கீயை அழுத்தினால் 44, எடுத்தால் 172. ஷிப்ட், கன்ட்ரோல் கீகள் இன்னும் அழுத்தித்தான் இருக்கின்றனவா என்று தெரிய இது உதவியது. சங்கீதக்காரனுக்கு இது லாட்டரி அடித்த மாதிரி. நாலு சங்கதியில் மூன்று கிடைத்துவிட்டது!

1982-ல் வந்த கமோடோர் 64-ல் பாப் யானஸ் வடிவமைத்த 'சிட்' என்ற சிப் மூன்று குரலில் பாடியது. அதன் கீபோர்டின்மேல் கவிழ்த்து வைக்க, சின்னச் சின்ன பியானோக் கட்டைகள் பதித்த பிளாஸ்டிக் மூடிகூட விற்றார்கள். மேலே பியானோக் கட்டையை அழுத்தினால் அது கீழே இருக்கிற டைப் கீயை அழுத்தும். எனக்கு இதைப் பற்றிப் படித்தபோது சிரிப்பு வந்தது. ஷோல்ஸ் கழற்றிப் போட்ட சட்டையை 110 வருஷம் கழித்து மறுபடி மாட்டிப் பார்க்கிறார்கள்.

மிடி என்பது இந்தச் சமயத்தில்தான் வந்தது. எலெக்ட்ரானிக் வாத்தியங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு பொதுப் பாஷை. அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நடத்திய டேவ் ஸ்மித், ஜப்பானில் ரோலண்ட் கம்பெனியின் இகுதாரோ ககேஹாஷி இருவரும் இதற்கு முன்கை எடுத்தவர்கள். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த 'நாம்' வாத்தியக் கண்காட்சியில் இவருடைய புராபெட்-600-ஐயும் அவருடைய ஜுபிடர்-6-ஐயும் ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றது பாடியது. போட்டிக் கம்பெனிகள் இரண்டு, ஒரே பாஷை. இந்த இருவருக்கும் 2013-ல் டெக்னிக்கல் கிராமி கிடைத்தது. ககேஹாஷி 2017-லும் ஸ்மித் 2022-லும் காலமானார்கள்.

பாஷை ரொம்ப எளிது. ஒரு ஸ்வரம் ஆரம்பிக்க மூன்றே எண். 144, 60, 64 என்று அனுப்பினால், 'முதல் சேனலில், நடு ஸ்வரத்தை, நடுத்தரப் பாரத்தோடு ஆரம்பி' என்று அர்த்தம். நிறுத்துவதற்கு 128, 60, அப்புறம் ஒரு எண். செகண்டுக்கு 31,250 பிட் வேகம். மூன்று எண்ணும் போய்ச்சேர ஒரு மில்லி செகண்டுகூட ஆகாது. மூன்றாவது எண்ணைத்தான் 'வெலாசிட்டி' என்கிறார்கள். மியூசிக் கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு ஸ்விட்ச் இருக்கும். முதலாவது மூடியதற்கும் இரண்டாவது மூடியதற்கும் நடுவில் ஆன நேரத்தை அளக்கிறார்கள். நேரம் குறைந்தால் ஓங்கி அடித்திருக்கிறார் என்று கணக்கு. டைப் கீக்கு ஸ்விட்ச் ஒன்றே ஒன்று. அளக்க வழியில்லை.

ஆனால் மிடியை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். பாரம் அளக்கத் தெரியாத வாத்தியம் 64 என்று அனுப்பட்டும் என்று விதியிலேயே இடம் விட்டிருந்தார்கள். விட்டாக வேண்டிய நிர்ப்பந்தமும் இருந்தது. அந்த 1983 கண்காட்சியில் கைகுலுக்கிய புராபெட்-600, ஜுபிடர்-6 இரண்டுமே பாரம் தெரியாத கீபோர்டுகள்! நடுவர் ஐயா இதைக் கேட்டிருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் கீயும் மிடியும் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்பதற்கு அழகான சாட்சி 1985-ல் வந்த அடாரி எஸ்.டி. அதன் பெட்டியிலேயே மிடி இன், மிடி அவுட் சாக்கெட்டுகளைப் பொருத்தி விற்றார்கள். உள்ளே 6850 என்ற ஒரே ரக சிப் இரண்டு. ஒன்று டைப் கீபோர்டிலிருந்து வருவதை வாங்கும், மற்றது மிடிக்கு. மிடியின் வேகம் 31,250. கீபோர்டின் வேகம் 7,812.5, அதாவது சரியாக நாலில் ஒரு பங்கு. விரல் அழுத்தியது, விரல் எடுத்தது என்ற ஒரே மாதிரிச் செய்தி பக்கத்துப் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே வருகிறது. ஸ்டூடியோக்களில் இந்த அடாரி வருஷக்கணக்கில் உழைத்தது. ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் கம்பெனி 1989-ல் கியூபேஸை இதற்குத்தான் முதலில் வெளியிட்டது. அங்கே ஸ்வரம் வாசிக்க மியூசிக் கீபோர்டு தனியாக இருக்கும். டைப் கீபோர்டுக்கு வேறு உத்தியோகம். வலது பக்க எண் பலகையில் என்டர் தட்டினால் ஓட்டம், பூஜ்யம் தட்டினால் நிறுத்தம், நட்சத்திரம் தட்டினால் ரெக்கார்டிங். இதுவும் வாத்தியங்களை ஆட்டிவைப்பதுதானே? ஒரு தட்டலில் அறையிலுள்ள அத்தனை சிந்தசைசரும் ஒன்றாகக் கிளம்பும்.

சொந்தம் எவ்வளவு நெருக்கம் என்பதை நம்ம ஹீரோ வேறு வழியில் கண்டுபிடித்தான். ஒரு கல்யாணக் கச்சேரிக் குழுவிடமிருந்து ஒரு நாளைக்கு இரவல் வாங்கிய சிந்தசைசர் ஒன்று ரூமுக்கு வந்தது. பின்புறம் மிடி இன்: அரைவட்டமாக ஐந்து ஓட்டை. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் கீபோர்டின் பிளக்கும் அரைவட்டமாக ஐந்து முள். இவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "டேய், ரெண்டும் ஒண்ணுடா!" என்று கம்ப்யூட்டரிலிருந்து கீபோர்டைப் பிடுங்கி சிந்தசைசரில் சொருகினான். கச்சிதமாக உட்கார்ந்தது. ஸ்பேஸ் பார் முதல் எஸ்கேப் வரை எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தோம். ஒரு முனகல்கூட இல்லை.

ஏன் என்று புரிய எங்களுக்கு ஒரு செமஸ்டர் ஆயிற்று. பிளக் ஒன்றுதான், ஜெர்மானிய டின் தரம். வயரிங் வேறு. கம்ப்யூட்டர் கீபோர்டு தனக்கு 5 வோல்ட் கரண்டை எதிர்முனையிலிருந்து எதிர்பார்க்கும். மிடி இன் எதையும் கொடுக்காது. அது 4, 5 என்ற இரண்டு முள்ளில் 5 மில்லி ஆம்பியர் வந்து உள்ளே ஒரு குட்டி விளக்கை எரிய வைக்கட்டும் என்று காத்திருக்கும். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அடுத்த பாகம் வேலை செய்யும். இரண்டு வாத்தியங்களுக்கும் நடுவே மின் தொடர்பே இருக்கக் கூடாது, இரைச்சல் வரக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆக இரண்டு பேரும் விருந்தாளி, பரிமாற ஆளில்லை. இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்: கம்ப்யூட்டரோ, ஒரு சின்ன சர்க்யூட்டோ. சவுண்ட் கார்டின் ஜாய்ஸ்டிக் போர்ட்டிலிருந்து மிடிக்குப் போக ஒரு கேபிள் உண்டு என்று கேள்விப்பட்டோம். எங்கள் கையில் கிடைக்கவில்லை. சிந்தசைசரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அப்போதுதான் யாரோ ஒரு சீனியர் பிளாப்பியில் டிராக்கர் கொடுத்தார். டிராக்கர் என்பது ஏழைகளின் ஸ்டூடியோ. 1987-ல் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி என்ற ஜெர்மானியர் அமிகா கம்ப்யூட்டருக்கு எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கரில் ஆரம்பித்த வம்சம். நாலு சேனல், பதினைந்து ஒலித் துண்டுகள். பிறகு பி.சி.க்கு பின்லாந்துப் பையன்களின் ஸ்கிரீம் டிராக்கர், ஸ்வீடன் பையன்களின் பாஸ்ட் டிராக்கர் எல்லாம் வந்தன. வெளி வாத்தியம் ஏதும் வேண்டாம், கம்ப்யூட்டரே ஒலிக்கும். டைப் கீபோர்டுதான் வாத்தியம். அடி வரிசை ஒரு ஸ்தாயி, கியூ வரிசை அதற்கு மேல் ஸ்தாயி.

இன்றைய மாணவர்கள் இதைப் படித்துக்கொண்டே லேப்டாப்பைப் பாருங்கள். இசட், எக்ஸ், சி, வி, பி, என், எம் ஏழும் வெள்ளைக் கட்டை. நம்ம ஊர்க் கணக்கில் இசட் ஒரு கட்டை சுருதி, எக்ஸ் இரண்டு கட்டை, சி மூன்று, வி நாலு, பி ஐந்து. (நம் சுருதிக் கணக்கே ஹார்மோனியக் கட்டையை எண்ணி வந்ததுதானே!) மேல் வரிசையில் எஸ், டி, ஜி, எச், ஜே ஐந்தும் கறுப்புக் கட்டை. எஸ் ஒன்றரைக் கட்டை. டி-க்குப் பக்கத்தில் எப்? அதற்கு வேலையே கிடையாது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லையே, அதனால் எப் சும்மா கிடக்கும். ஒவ்வொரு வரிசையும் முந்தின வரிசையிலிருந்து சற்றுச் சரிந்து நிற்பதால் கறுப்பு வெள்ளைகள் பியானோவில் இருக்கிற மாதிரியே இடுக்கில் வந்து விழுகின்றன. டைப்ரைட்டரின் இரும்புக் கம்பிகள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க வரிசைகளைச் சரித்தது, நூறு வருஷம் கழித்து இப்படி உபயோகப்பட்டது. ஷோல்ஸ் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

ரூம்மேட் முதலில் வாசித்தது சரளி வரிசை. மாயாமாளவகௌளை: இசட், எஸ், சி, வி, பி, எச், எம், மேலே கியூ. நடுராத்திரியில் அந்த ராகம் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் கேட்டதும் பக்கத்து ரூம்காரன் எழுந்து வந்து, "என்னடா, ஹாஸ்டல்ல பஜனையா?" என்றான்.

கஷ்டங்களும் உடனே தெரிந்தன. ஒரு கீயை அழுத்திப் பிடித்தால் அரை செகண்டில் டிட்டிட்டிட் என்று திரும்பத் திரும்ப அடிக்க ஆரம்பிக்கும். எழுத்துக்கு வசதி, ஸ்வரத்துக்கு எமன். நல்ல புரோகிராம் இந்தத் திரும்பல்களைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதைவிடப் பெரிய தொல்லை மூன்று கீ சேர்ந்து அழுத்துவது. கீபோர்டுக்குள் ஒவ்வொரு கீக்கும் தனி வயர் கிடையாது. குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி வலை. சந்திக்கிற இடத்தில் கீ. வலையில் ஒரு சதுரத்தின் மூன்று மூலைகளை அழுத்தினால் நாலாவது மூலையும் அழுத்தியது போல கரண்ட் சுற்றிக்கொண்டு போய்விடும். அந்தப் பேய் கீக்குப் பயந்து கீபோர்டு சிப் மூன்றாவதை ஒப்புக்கொள்ளவே மறுக்கும். எந்தெந்த மூன்று என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லேப்பில் இருந்த கீபோர்டுகள் ஒவ்வொன்றிலும் எந்தெந்தக் கார்டு வாசிக்கலாம் என்று அவன் ஒரு நோட்டில் பட்டியல் எழுதி வைத்திருந்தான். விழாவுக்கு வந்த 486-க்கு வேறு மெஷினின் கீபோர்டை மாட்டிக் கொண்டுவந்த ரகசியம் இதுதான். லேப் அசிஸ்டென்ட் அண்ணன் இதைப் படித்தால் மன்னிக்கவும். யூ.எஸ்.பி. வந்த பிறகும் சாதாரணக் கீபோர்டுகள் பெரும்பாலும் ஆறு கீக்கு மேல் ஒரே நேரத்தில் சொல்லாது. கீக்கு ஒரு டயோடு வைத்தால் பேய் ஓடிவிடும். விளையாட்டுக்காக விற்கிற விலை உயர்ந்த கீபோர்டுகளில் வைக்கிறார்கள்.

பாரம்? டிராக்கரில் அதற்கு ஒரு வழி உண்டு. ஸ்வரத்தை வாசித்து முடித்த பிறகு, பக்கத்துக் கட்டத்தில் 0 முதல் 64 வரை ஒரு எண்ணை டைப் அடிக்கலாம். இந்த ஸ்வரம் மெல்ல, அது பலமாக என்று ஒவ்வொன்றுக்கும். நான் நியாயமாக எழுதவேண்டும் அல்லவா? இந்த இடத்தில் நடுவர் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. பாரத்தை விரலால் சொல்ல முடியாமல் எண்ணால் சொல்வது டைப் அடிப்பதுதான்.

மீதிப் பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் கணக்குப்படி பார்த்தால் ஹார்ப்சிகார்டு வாத்தியமில்லை, சர்ச்சில் இருக்கும் பைப் ஆர்கன் வாத்தியமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஹார்மோனியம் வாத்தியமில்லை! ஹார்மோனியக் கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒரே சத்தம்தான். சத்தத்தை ஏற்றி இறக்குவது இடது கைத் துருத்தி. வலது கை எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு நேரம் என்று மட்டும் பார்த்துக்கொள்கிறது. டைப் கீக்குத் தெரிந்த அதே மூன்று சங்கதி. அந்த ஹார்மோனியத்தையும் ஆல் இந்தியா ரேடியோ 1940-ல் வேண்டாம் என்று ஒதுக்கியது; கமகம் வராது, சுருதி நம் சுருதி இல்லை என்று காரணம் சொன்னார்கள். 1971-ல்தான் அந்தத் தடை தளர்ந்தது. முப்பது வருஷம்! அத்தனை வருஷமும் நாடகக் கொட்டகைகளிலும் பஜனை மடங்களிலும் ஹார்மோனியம் பாட்டுக்குப் பாடிக்கொண்டுதான் இருந்தது. என் ரூம்மேட்டின் அப்பா அப்படி வாசித்தவர்களில் ஒருத்தர். அந்த மேடையில் பையன் மடியில் இருந்தது துருத்தி இல்லாத ஹார்மோனியம். குறை கட்டையில் இல்லை, துருத்தியில்தான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1990-களின் கடைசியிலிருந்து இசை மென்பொருள்களில் டைப் கீபோர்டை மிடி ஆக்குவது சர்வ சாதாரணமாகிவிட்டது. பெல்ஜியத்தில் பிறந்த புரூட்டி லூப்ஸ் டிராக்கர் வழியில் இரண்டு வரிசையை வைத்துக்கொண்டது. ஆப்பிளின் கராஜ்பேண்டும் ஏபிள்டன் லைவும் நடு வரிசையை வெள்ளைக் கட்டையாக்கின. அதாவது ஏ-யில் ஆரம்பம். டபிள்யூ, ஈ, டி, ஒய், யூ கறுப்பு. இங்கே ஆர் கீக்கு வேலையில்லை. இசட், எக்ஸ் ஸ்தாயியை இறக்கி ஏற்றும். சி, வி வெலாசிட்டியைக் குறைத்துக் கூட்டும். ஒரு யூ.எஸ்.பி. மிடி கேபிள் இருந்தால் அந்த ஸ்வரங்களை அப்படியே வெளியே இருக்கும் சிந்தசைசருக்கு அனுப்பலாம். நாங்கள் 1996-ல் பிளக்கைச் சொருகி எதிர்பார்த்தது இதைத்தான். ஒரு எச்சரிக்கை: ஒலியைக் கம்ப்யூட்டரே உண்டாக்கும்போது பபர் அளவைக் கவனியுங்கள். 512 சாம்பிள் என்றால், செகண்டுக்கு 44,100 கணக்கில், 11.6 மில்லி செகண்ட் தாமதம்; கீபோர்டின் சொந்தத் தாமதம் அதற்கு மேல். 2,000 சாம்பிளுக்குப் போனால் விரல் ஒரு இடம், தாளம் ஒரு இடம்.

பாரத்தின் கதையும் அங்கேயே நிற்கவில்லை. நெதர்லாந்தில் வூட்டிங் என்ற சிறு கம்பெனி 2016-ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி, கீ எவ்வளவு ஆழம் இறங்கியது என்று அளக்கும் கீபோர்டைச் செய்தது. விளையாட்டுக்காரர்களுக்காகத்தான். ஆனால் ஆழம் தெரிந்தால் இறங்கிய வேகமும் தெரியும். வேகம் தெரிந்தால் வெலாசிட்டி தெரியும். உடனே அதை மிடி வாத்தியமாக்கப் புரோகிராம் எழுதிவிட்டார்கள். டைப்ரைட்டிங் மாஸ்டர் ஸ்கேலால் விரட்டியது திரும்பி வந்திருக்கிறது.

என் ரூம்மேட் அதை வாங்கவில்லை. அந்த விழாவுக்குப் பிறகு அவன் பல வருஷம் எதையும் வாசிக்கவில்லை. வேலை, கல்யாணம், அப்பா வைத்தியம் என்று ஓடிவிட்டது. அப்பா போன பிறகு ஒரு நாள் பரணிலிருந்து பழைய கீபோர்டு ஒன்றை எடுத்தானாம். ஐந்து முள் பிளக். அதை வெட்டி, பழைய கீபோர்டு பாஷையைப் படித்து 31,250 வேகத்தில் மிடியாகத் திருப்பிச் சொல்கிற ஒரு ஆர்டுயினோ பலகையை உள்ளே வைத்தான். போன வருஷம் அவன் வீட்டுக்குப் போனபோது காட்டினான். தையல் மெஷின் பெடலை ஒரு பொட்டென்ஷியோ மீட்டரோடு இணைத்துக் காலடியில் வைத்திருக்கிறான். அதை அழுத்த அழுத்த மிடியின் 11-ம் நம்பர் கன்ட்ரோல், அதாவது எக்ஸ்பிரஷன், 0-விலிருந்து 127-க்கு ஏறுகிறது. ஹார்மோனிய ஒலியை வைத்து வாசித்துக் காட்டினான். கால்தான் துருத்தி. கண்ணை மூடிக் கேட்டால் கட்டை எது, கீ எது என்று எனக்குத் தெரியவில்லை.

மீட் அன்று சாயங்காலம் அதைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். தூக்கிவர இந்தத் தடவை ஆள் வேண்டாம், தோள்பையில் வந்துவிடும். எப் கீயை மட்டும் கழற்றிவிட்டான். அந்த ஓட்டை வழியாகத்தான் பெடல் வயர் வெளியே வருகிறது.